பூட்டு, வடை, பட்டிமன்றம், மனு: எழுத்து வகுப்புக்கு எது கைகொடுக்கிறது?

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரைதான் ஒரு பிள்ளையைச் சொந்தமாக எழுத வைக்கக் கிடைக்கிற காலம். பத்தில் கால் வைத்ததும் அரசுத் தேர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கேயும் கற்பனைக்கென்று 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற 5 மதிப்பெண் கேள்வி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்தப் படம் வந்தாலும் செல்லுபடியாகிற மாதிரி ஒரு கவிதையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். மரம், மழை, தாய், உழவர் என்று எது வந்தாலும் அதே எட்டு வரி. மதிப்பெண்ணுக்கு வழி தேடுகிற பிள்ளை வேறென்ன செய்யும்?

எனவே இங்கே பேச்சு அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளைப் பற்றி. 40 பிள்ளைகள், 40 நிமிடம், ஒரு கரும்பலகை. இதை வைத்துக்கொண்டு கற்பனை எழுத்தையும், ஒருவரை நம் பக்கம் இணங்க வைக்கிற எழுத்தையும் பழக்க நம் பள்ளிகளில் சில வழிகள் புழங்குகின்றன. வகுப்பு கலகலப்பாக இருந்ததா என்பதை மட்டும் பார்த்தால் பட்டிமன்றம் சுலபமாக ஜெயித்துவிடும். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம். மணி அடிக்கும்போது எத்தனை நோட்டில் சொந்த வாக்கியம் இருக்கிறது? எழுதியதை இன்னொரு முறை திருத்தி எழுத அந்தப் பிள்ளைக்கு மனம் வருகிறதா?

படமா, பொருளா?

படம் காட்டி எழுதச் சொல்வதில் ஆசிரியருக்கு வேலை குறைவு. பாடநூலிலேயே படம் இருக்கும், எல்லோரும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், படத்தைக் கண்டதும் பிள்ளைகளுக்குக் கருத்துச் சொல்லத் தோன்றிவிடுகிறது. மரத்தின் படம் என்றால் 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்'. முதியவர் படம் என்றால் 'பெரியோரைப் போற்றுவோம்'. படத்தில் இருக்கும் அந்த முதியவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பது யார் கண்ணிலும் படாது.

பொருளைக் கையில் கொடுத்தால் கதை வேறு. வீட்டிலிருந்து ஒரு துருப்பிடித்த பூட்டு, வார் அறுந்த செருப்பு, கைப்பிடி உடைந்த டம்ளர் என்று எதையாவது கொண்டுவந்து வரிசையாகக் கைமாற்றிவிட வேண்டும். இரண்டே நிபந்தனை போதும். 'அழகான', 'அற்புதமான', 'இயற்கை அன்னை' போன்ற சொற்களுக்குத் தடை. பார்த்தது, தொட்டது, முகர்ந்தது தவிர வேறு எதுவும் முதல் ஐந்து வரியில் வரக் கூடாது.

முதலில் வருவது இப்படித்தான் இருக்கும்: 'இது ஒரு பழைய பூட்டு. யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது.' சரி, திரும்பவும் கையில் வாங்கிப் பார் என்று சொல்லி, 'இதைக் கடைசியாகப் பூட்டியவர் யாராக இருக்கும்?' என்று ஒரே ஒரு கேள்வியைப் போட்டால் இரண்டாம் சுற்றில் வேறு மாதிரி வரும்: 'சாவித் துளையைச் சுற்றி மட்டும் துரு இல்லை, வழவழவென்று இருக்கிறது. தினமும் இருட்டில் விரலால் தடவித் தடவித்தான் சாவி போட்டிருப்பார்கள்.' இந்த வாக்கியத்தை எழுதிய பிள்ளைக்குக் கதை எழுதக் கற்றுத்தரத் தேவையில்லை. இருட்டில் வீடு திரும்புகிற ஒரு ஆள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்.

இதில் குறையும் உண்டு. ஒரு பூட்டு 40 கைகளைச் சுற்றி வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஐந்தாறு பொருள்களைக் கொண்டுவந்து குழுவாக உட்கார வைத்தால்தான் சமாளிக்கலாம்.

'நான் ஒரு மரம் பேசுகிறேன்' வகைத் தன்வரலாற்றுக் கட்டுரை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. பிறந்தேன், வளர்ந்தேன், நிழல் தந்தேன், வெட்டுகிறார்கள், காப்பாற்றுங்கள் என்று அதற்கு ஒரு தடம் விழுந்துவிட்டது. இதை அப்படியே தூக்கிப்போட வேண்டாம், சுருக்கினால் பிழைக்கும். பொதுவான மரம் வேண்டாம். பள்ளி வாசலில் நிற்கிற வேப்பமரம், நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கண்டது மட்டும் என்று சொல்லிப் பாருங்கள். யார் யாருக்கு ஆம்லெட் பங்கு கொடுத்தார்கள் என்பது வரைக்கும் வெளியே வரும்.

சங்கிலிக் கதை, அதாவது ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொண்டுபோவது, பிள்ளைகளுக்கு உயிர். ஐந்தாவது ஆளிடம் பேய் வந்துவிடும், பத்தாவது ஆளிடம் எல்லோரும் செத்துப்போவார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வைத்துக்கொள்ளலாம். எழுத்துப் பயிற்சி என்று கணக்கில் சேர்க்க முடியாது.

வடை வழக்கு

கற்பனைக்கும் வாதத்துக்கும் நடுவில் பாலம் போடுகிற பாடம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பாட்டி வடை சுட்ட கதை தெரியாத பிள்ளை கிடையாது. அந்தக் கதையில் மூன்று பேரையும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அழைத்துவிடுங்கள். பாட்டி புகார் எழுத வேண்டும், காகம் தன் பக்க நியாயத்தை எழுத வேண்டும், நரியும் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

நரி முந்திக்கொள்ளும். 'நான் வடையைக் கேட்கவே இல்லை. பாடச் சொன்னேன். அது பாடியது. கீழே விழுந்த பொருளை எடுத்தது குற்றமா?' காகத்துக்குத்தான் கஷ்டம். தான் ஏமாற்றப்பட்டதைச் சொன்னால், வடை எப்படி வாயில் வந்தது என்ற கேள்வி வரும். அந்தச் சங்கடத்தைச் சமாளிக்கிற இடத்தில்தான் வாதம் என்றால் என்னவென்று பிள்ளைக்குப் புரிகிறது. தனக்குப் பாதகமான ஒன்றை மறைப்பதா, தானே முந்திச் சொல்லிவிடுவதா? ஒரு பெண் பிள்ளை காகத்தின் வாக்குமூலத்தை 'ஆமாம், நான் எடுத்தேன். கூட்டில் மூன்று குஞ்சுகள்' என்று தொடங்கியிருந்தாள். இந்தப் பாடத்துக்குச் செலவும் இல்லை, முன்தயாரிப்பும் இல்லை, 40 பேரும் எழுதுவார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் 'சின்னப் பிள்ளைக் கதை' என்று முகத்தைச் சுளிக்கலாம். எட்டு, ஒன்பதாம் வகுப்பு என்றால் கதையை மாற்றிக்கொள்வது நல்லது.

அதற்கு நம்மிடமே ஒரு வழக்கு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைச் செய்யுளாக நடத்திவிட்டுப் போகிறோம், அது ஒரு வாதத்தின் கட்டமைப்பு என்று காட்டுவதில்லை. கண்ணகி முதலில் நீதி தவறாத மன்னர்களைச் சொல்கிறாள், அவர்கள் இருந்த புகார்தான் தன் ஊர் என்கிறாள், பிறகுதான் தான் யார் என்கிறாள். அதைவிட முக்கியம், சிலம்பை உடைப்பதற்கு முன்பே என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், எங்களுடையது முத்து என்று பாண்டியனும் சொல்லிவிடுகிறான். எதை வைத்துத் தீர்மானிப்பது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு சிலம்பு உடைகிறது. அதற்குமேல் அரசனுக்குப் பேச இடமில்லை. இதே வழக்கை அரண்மனைக்குக் கொடுக்கும் மனுவாக உரைநடையில் எழுதச் சொன்னால், இந்த வரிசையின் அருமை பிள்ளைகளுக்குத் தானே தெரியவரும்.

பட்டிமன்றம்: பேச்சுக்குச் சரி, எழுத்துக்கு?

தீபாவளி, பொங்கல் என்றால் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அவர்களுக்கு விதிகளை விளக்க வேண்டியதில்லை. எழுதக் கூச்சப்படுகிற பையன்கூட எழுந்து நின்று பேசுவான். அவன் வாயில் வந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு 'இதையே எழுது' என்று சொல்ல முடியும். இந்த ஒரு நன்மைக்காகவே பட்டிமன்றத்தை விட்டுவிடக் கூடாது.

மற்றபடி எனக்கு இதில் சந்தேகங்கள் அதிகம். ஆறு பேர் பேசுவார்கள், ஒருவர் நடுவர், மீதி 33 பேர் கைதட்டுவார்கள். பேசுகிறவர்களும் எதுகை மோனைக்கும் கைதட்டலுக்கும்தான் ஓடுவார்கள், ஆதாரத்துக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். தலைப்புகளைப் பாருங்கள்: கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா, கல்வியா செல்வமா. இதில் எந்த முடிவையும் அந்தப் பிள்ளைகள் எடுக்கப்போவதில்லை. கடைசியில் நடுவரும் இரண்டும் தேவை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இதை எழுத்துக்குப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. பேச்சு முடிந்ததும் இரு அணிகளின் வாதங்களையும் பலகையில் எழுதிவிட்டு, எல்லோரையும் அணி மாறச் சொல்லுங்கள். இப்போது எழுத வேண்டியது எதிர்ப்பக்கம். 13ஆம் நூற்றாண்டு நன்னூல், நூலாசிரியர் கைக்கொள்ளும் எழுவகை மதங்களை, அதாவது கொள்கைகளைச் சொல்லும்போது உடன்படல், மறுத்தல் ஆகியவற்றுக்கு அடுத்து 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்று ஒன்றை வைக்கிறது. எதிராளியின் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு எடுத்துவைத்து, அப்புறம் அதைத் தள்ளுவது. நம் பிள்ளைகள் இரண்டாவதோடு நின்றுவிடுகிறார்கள். முதல் பத்தியில் எதிராளியின் வாதத்தை, அவரே 'ஆமாம், நான் சொன்னது இதைத்தான்' என்று தலையாட்டுகிற அளவுக்கு எழுத வேண்டும், மறுப்பு இரண்டாம் பத்தியில்தான் என்று விதி வைத்தால் எழுத்து சட்டென்று நிதானமாகிவிடும். கைதட்டல் குறையும், பரவாயில்லை.

மனு

கடிதம் எழுதுவதில் நம் பிள்ளைகளுக்கு உருவம் தண்ணீர் பட்ட பாடு. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி எல்லாம் பிசகாமல் வரும். நடுவில்தான் ஒன்றும் இருக்காது. பத்தாம் வகுப்பில் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதும் முறையீட்டுக் கடிதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உணவு தரமற்றதாகவும் விலை கூடுதலாகவும் இருந்தது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் முழிப்பார்கள். பரோட்டாவா, பிரியாணியா, எவ்வளவு ரூபாய், பில் கையில் இருக்கிறதா? இது எதுவும் இல்லாத புகாரை எந்த அதிகாரி எடுத்துப் பார்ப்பார்?

உண்மையான ஆளுக்கு, உண்மையான காரியத்துக்கு எழுதும் மனு இந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. கிராமமாக இருந்தால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். பள்ளிக்குள்ளேயே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். எழுதுவதற்கு முகவரிப் பஞ்சமே இல்லை.

பேருந்து பற்றி எழுதச் சொன்னால் முதலில் வருவது: 'எங்கள் ஊருக்குப் போதிய பேருந்து வசதி இல்லாததால் மாணவர்கள் மிகவும் சிரமப்படுகிறோம். ஆகவே ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' இதையே பூட்டைப் பார்த்த கண்ணோடு எழுதச் சொல்லுங்கள்: 'பள்ளி 4.10க்கு விடுகிறது. பேருந்து 4.05க்குப் போய்விடுகிறது. அடுத்தது 5.40. மழைக்காலத்தில் நாங்கள் இறங்கும்போது இருட்டிவிடும், நிறுத்தத்தில் விளக்கு இல்லை. பேருந்து பத்து நிமிடம் தள்ளிப் புறப்பட்டால் 26 பேர் அதிலேயே போய்விடுவோம். தாமதமானால் ரயிலுக்குப் போகிறவர்கள் தவறவிடுவார்கள் என்று நினைக்கலாம். ரயில் 5 மணிக்குத்தான், பேருந்து 4.40க்குள் நிலையத்தில் இருக்கும்.' கடைசி இரண்டு வாக்கியம் நன்னூல் சொன்ன களைவுதான். அதிகாரிக்குத் தோன்றப்போகிற தடையைப் பிள்ளையே எடுத்துச் சொல்லி விலக்கிவிட்டது.

திருத்தி எழுதும் ஆர்வம் வேறெந்தப் பாடத்தையும்விட இதில்தான் அதிகம். ஆட்சியர் படிக்கப்போகிறார் என்றால் ஒற்றுப்பிழைகூடக் கண்ணில் படும். கற்பனை எழுத்துக்கும் இப்படி ஒரு வாசகர் வேண்டும். 6 முதல் 9 வரை படிப்பவர்களுக்கென்று பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த தேன்சிட்டு இதழுக்கு அனுப்பலாம், அது இல்லாவிட்டால் பள்ளி வராந்தாச் சுவராவது வேண்டும்.

மனுவில் ஆபத்தும் இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகள் வெளியே எழுதிவிட்டால் தலைமையாசிரியருக்குத் தலைவலி, எழுதச் சொன்ன தமிழாசிரியருக்கு அதைவிடப் பெரிய தலைவலி. முதலில் தலைமையாசிரியரிடமே மனு கொடுக்கட்டும். பேருந்து நேரம், தெருவிளக்கு, நூலகத்துக்கு வேண்டிய புத்தகம் என்று தொடங்குவது பாதுகாப்பு. பதில் வராமலும் போகலாம். அப்போது அடுத்த பாடம் நினைவூட்டுக் கடிதம்.

விளம்பர வாசகம் எழுதச் சொல்வது பற்றி ஒரே வரி: சொல்லைச் சிக்கனப்படுத்தப் பத்து நிமிடப் பயிற்சியாக நல்லது, அதற்குமேல் நீட்டினால் அது ஓவிய வகுப்பாகிவிடும்.

நோட்டு திருத்துவது யார்?

40 நோட்டை வாரம் ஒரு தடவை திருத்துவது நடக்கிற காரியமா? பிள்ளைகளே மாற்றித் திருத்திக்கொள்ள நன்னூலின் பத்துக் குற்றங்களில் நான்கை எடுத்துக் கொடுத்தால் போதும்: கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். அதாவது சொன்னதையே சொல்வது, பொருளில்லாமல் சொற்களை அடுக்குவது, எடுத்த விஷயத்தை விட்டு இன்னொன்றில் நீட்டிப்போவது, போகப் போகத் தேய்ந்து முடிவது. பெஞ்சுத் தோழன் நோட்டில் ஓரமாக 'செ.தே.இ.' என்று எழுதுவதில் அவர்களுக்கு இருக்கிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதத்தில் எழுத்துக்கு நான்கு பீரியட் ஒதுக்க முடிந்தால் என் பங்கீடு இதுதான். பொருளைப் பார்த்து எழுதுவதற்கு ஒன்று, வடை வழக்குக்கு ஒன்று, மனுவுக்கு இரண்டு. மனுவுக்கு இரண்டு எதற்கென்றால், இரண்டாவது பீரியட் முழுக்கத் திருத்தி எழுதுவதற்கு. ஆறு, ஏழாம் வகுப்பில் மனுவைத் தலைமையாசிரியரோடு நிறுத்திக்கொள்ளலாம். எட்டு, ஒன்பதில் வடைக்குப் பதிலாகக் கண்ணகி, நேரம் மிஞ்சினால் அணி மாறி எழுதும் பட்டிமன்றம். இரண்டு பீரியட்தான் கிடைக்கும் என்கிறவர்கள் முதலில் பூட்டைக் கொண்டுவாருங்கள், அடுத்தது மனு. வீட்டுப்பாடமாக மட்டும் எதையும் கொடுத்துவிடாதீர்கள். இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிற கைபேசி இரண்டு நிமிடத்தில் 'மிகவும் சிரமப்படுகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிடும்.