ஒண்டிக்கட்டையும் உழவர் சந்தையும்

நான் வேலை மாற்றலில் மதுரைக்கு வந்தவன். மாடியில் ஒரு அறை, ஒற்றை அடுப்பு, இரண்டு லிட்டர் குக்கர். ஃப்ரிட்ஜ் கிடையாது. உழவர் சந்தை பற்றிய இந்த விமர்சனம் நாலு பேர் உள்ள வீட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

பெரிய கடைகளில் கிலோ விலை மலிவாகத்தான் போட்டிருக்கும். ஆனால் பீன்ஸை அரை கிலோ பாக்கெட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு ஆள் அதைத் தின்று முடிப்பதற்குள் பாதி வாடிவிடும். குப்பைக்குப் போனதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம்? எங்கள் பக்கத்து உழவர் சந்தையில் கால் கிலோ கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நூறு கிராம் பச்சை மிளகாய், ஒரே ஒரு முருங்கைக்காய், ஒரு பத்தை பூசணி எல்லாம் கிடைக்கும். ஐம்பது கிராம் இஞ்சி கேட்டபோது மட்டும் ஒரு அக்கா, "ஏன் தம்பி, மருந்துக்கா?" என்றார். கொடுத்தும்விட்டார், கூடவே ஒரு கொத்து கறிவேப்பிலையும்.

உழவர் சந்தைத் திட்டமே 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. விற்பவர்கள் அடையாள அட்டை வாங்கிய விவசாயிகள். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் சந்தையிலேயே தருகிறார்கள். அன்றன்றைய விலையை வாசல் பலகையில் எழுதிப் போடுவார்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே இருக்கும். பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பலகை பெரிய துணை. உள்ளே போகும்முன் அதைப் படித்துவிட்டு, எது மலிவோ அதை வைத்துத்தான் அந்த வாரச் சமையலையே முடிவு செய்வேன். வெண்டைக்காய் விலை ஏறிக் கிடந்தால் புடலங்காய். முருங்கைக்காய் எட்டாத நாளில் முருங்கைக்கீரை.

எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பார்த்துத்தான் வாங்குவேன். கீரையை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். கத்தரி, வெண்டை மறுநாளுக்கு. சேனையும் சின்ன வெங்காயமும் வாரக் கடைசி வரை கிடக்கும். வாழைக்காயைத் தண்ணீரில் போட்டு வைத்தால் சீக்கிரம் பழுக்காது. வாரத்தில் ஒரு நாள் புளிக்குழம்பு. மறுநாள் அதைச் சுண்டவைத்தால் முதல் நாளைவிட ருசி. குக்கரில் அடியில் பருப்பு, மேலே ஒரு கிண்ணத்தில் அரை டம்ளர் அரிசி என்று வைத்தால் ஒரே கேஸ் செலவில் இரண்டும் வெந்துவிடும். காய்க்கு வாரம் இருநூறு ரூபாயைத் தாண்டுவது அபூர்வம். அரிசி, பருப்பு, எண்ணெய்க்குத் தெருமுனை மளிகைக் கடை இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஒருவரிடம் அவர் தோட்டத்தில் விளைந்த இரண்டு மூன்று காய்தான் இருக்கும். சாம்பாருக்குக் கலவையாக வேண்டுமென்றால் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். முட்டைக்கோஸை முழுசாகத்தான் தருவார்கள். ஒண்டிக்கட்டைக்கு அது தண்டனை. பொரியல், கூட்டு, மறுபடி பொரியல் என்று மூன்று நாள் அதன் முகத்திலேயே விழிக்க வேண்டியிருக்கும். கீரைக்கட்டும் ஒருவருக்கு அதிகம். கீழ்வீட்டுப் பாட்டியும் நானும் அதைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறோம். தரை ஈரமாக இருக்கும், நல்ல செருப்பு வேண்டாம். காயைப் புரட்டிப் புரட்டிப் பொறுக்கினால் திட்டு விழும். அது நியாயம்தான் என்பேன்.

காலை ஆறரைக்குப் போனால் பொறுக்கவே தேவையில்லை, எல்லாமே புதுசு. பத்து மணிக்குமேல் சரக்கு வாடியிருக்கும். ஆனால் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் பலகை விலைக்கும் கீழே தள்ளிவிடுவார்கள். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் அதுவும் நல்ல வியாபாரம். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஆறரை மணிச் சந்தைதான் வசதி. துணிப்பையும் பத்து ரூபாய்ச் சில்லறையும் மறக்க வேண்டாம். போனில் பணம் அனுப்பும் அட்டை சில கடைகளில்தான் தொங்குகிறது.