நேர்முகப் பரீட்சைக்குப் போகமுதல் பங்குச் சந்தையின் தளத்தைத் திறந்து பாருங்கள்

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் எதையும் விசாரிக்காமல் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்கென்று மாதாமாதம் 8 சதவீதம் வெட்டினார்கள். நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்தில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, பதினொரு மாதமாக அந்தக் காசும் கட்டவில்லை, அவர்கள் போட வேண்டிய 12 சதவீதமும் கட்டவில்லை.

இந்த முறை ஒரு பெரிய கொம்பனியின் கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிட்டதும் கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தைத் திறந்தேன். பங்கு வாங்குகிற ஆட்களுக்கான இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேலை தேடுகிறவருக்கு இவ்வளவு உதவுகிற இன்னொன்றை நான் காணவில்லை. கொம்பனியின் பெயரைப் போட்டால் ஆண்டறிக்கைகளும் காலாண்டுக் கணக்குகளும் வருகின்றன. அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

தலைவரின் செய்தியைத் தாண்டிப் போங்கள், எல்லோரும் ஒரே மாதிரித்தான் எழுதுகிறார்கள். நான் தேடியது பணிப்பாளர் சபை அறிக்கையில் இருந்தது: சட்டப்படியான கொடுப்பனவுகள் என்று ஒரு சின்னத் தலைப்பு. அரசாங்கத்துக்கும் ஊழியர்களுக்காகவும் கட்ட வேண்டியதெல்லாம் கட்டியாயிற்று என்று அதன் கீழ் எழுதியிருந்தது. இரண்டே வரி. மூன்று தரம் வாசித்தேன். பிறகு கணக்காய்வாளரின் அபிப்பிராயம், அதில் கணக்குகளைப் பற்றிக் குறை ஏதும் சொல்லவில்லை.

கட்டாயம் பார்க்க வேண்டியது 2022/23 அறிக்கை. பெற்றோல் வரிசையில் நின்ற காலம், ரூபாய் விழுந்த காலம். அந்த வருடம் ஒரு முதலாளி தன் ஆட்களை எப்படி நடத்தினார் என்பதை ஊழியர் எண்ணிக்கையை முந்திய வருடத்தோடு ஒப்பிட்டால் ஓரளவு பிடிக்கலாம். நான் பார்த்த கொம்பனியில் ஏழு பேர்தான் குறைந்திருந்தார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு அங்கே வேலை செய்ய மனம் வந்தது.

இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையைப் போனில் வாசித்து முடிக்க ஏலாது. வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷனில் தேவையான நாலு பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து, 100ஆம் இலக்க பஸ்ஸில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன்.

“எங்களைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டார்கள். கடைசிக் காலாண்டில் வட்டிச் செலவு நல்லாக் குறைந்திருக்கிறது, குறுங்காலக் கடனை அடைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். நிதி முகாமையாளர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் கணக்கைப் பற்றித்தான் கதைத்தோம். முதலாம் திகதி சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

பங்குச் சந்தையில் பட்டியலிடாத தனியார் கொம்பனி என்றால் இந்தத் தளத்தில் எதுவும் கிடைக்காது. தம்பி அடுத்த கிழமை போவது அப்படியான ஓர் இடத்துக்கு. பின்னேரம் ஐந்தரைக்கு அந்த வாசலில் நின்று, வேலை முடிந்து வருகிற யாரிடமாவது சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.