கட்டட நிதிக்குக் கொடுக்குமுன் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

மின்வாரியத்தின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இரண்டு ரூபாய் இடித்தாலும் ரசீதுக் கட்டை மறுபடி எண்ண வைத்து, உடன் வேலை செய்தவர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்படிப்பட்ட நான் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு 14 ஆண்டுகள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் அதற்கு மேலும் கொடுத்தேன். ஒரு நாள்கூட ஒரு தாளையும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சபையின் பெயரை எழுதப்போவதில்லை. வழக்குப் போட முடியுமா என்று வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்; தவிர, என் மைத்துனர் குடும்பம் இன்னும் அங்கேதான் போகிறது.

சபையைத் தொடங்கிய ஐயா கெட்டவர் அல்ல. தென்மாவட்டத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு சென்னைப் புறநகருக்கு வந்து, கீற்றுக் கொட்டகையில் ஒன்பது பேரை வைத்து ஆராதனை தொடங்கியவர். என் அம்மா அரசு மருத்துவமனையில் கிடந்தபோது மூன்று இரவு வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருந்தார். அவரைத் திருடன் என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவை எழுதுவது இத்தனை சிரமமாக இருக்கிறது.

என் மனைவி 2010இல் ஞானஸ்நானம் எடுத்தாள். எடுத்த அன்றே நகையைக் கழற்றினாள். சங்கிலி, நான்கு வளையல், தோடு எல்லாம் சேர்த்து ஒன்பது சவரன். மகளுக்கு வைக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு கைக்குட்டையில் முடிந்து காணிக்கைப் பையில் போட்டுவிட்டாள். 2012இல் ‘சபைக்கு இடம் கிடைத்துவிட்டது’ என்று ஐயா பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்தபோது சபை முழுவதும் எழுந்து நின்று அழுதது. மறு வருடம் கட்டட நிதிக் கூப்பன் வந்தது. சதுர அடிக்கு 1,500 ரூபாய். ‘உங்கள் பிள்ளைகள் பெயரில் ஒரு சதுர அடி’ என்று அச்சடித்திருந்தார்கள். நான் என் இரண்டு பிள்ளைகள் பெயரிலும் நூறு நூறு சதுர அடி எடுத்தேன். அதற்கு வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் வாங்கினேன். கூப்பனில் சபையின் பெயர் இருந்தது, வசனம் இருந்தது, புறாப் படம் இருந்தது. பதிவு எண் இல்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு ரசீது என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் பாய் விரித்துக் காணிக்கைப் பையைக் கவிழ்ப்பார்கள். பாஸ்டரம்மாவும் மகனும் எண்ணுவார்கள். பத்து ரூபாய்த் தாள்களைத் தனியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு, தொகையை நாற்பது பக்க நோட்டில் எழுதுவார்கள். நோட்டு பாஸ்டரம்மாவின் கைப்பைக்குள் போய்விடும். ஒரு முறை, ‘ஐயா, வரவு செலவு எழுதுகிற வேலையை நான் செய்கிறேனே’ என்று கேட்டேன். ஐயா சிரித்துக்கொண்டே வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை எடுத்துச் சொன்னார். ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லையாம். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். பணத்தை வாங்கிக்கொண்ட ஆசாரியர்கள் யோவாஸ் ராஜாவின் 23ஆம் வருஷம் வரைக்கும் ஆலயத்தைப் பழுதுபார்க்கவே இல்லை. இனி வாங்காதீர்கள் என்று ராஜா நிறுத்துகிறான். அதற்குப் பிறகு ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு வைக்கிறான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணுகிறார்கள். அரண்மனை ஆள் ஒருவன், ஆலய ஆள் ஒருவன். கணக்குக் கேட்கப்படாதவர்கள் அதற்கப்புறம் வருகிறவர்கள், வேலையாட்களுக்குக் கொடுக்கும்படி பணத்தை வாங்கிக்கொண்டவர்கள். ஐயா எனக்குச் சொன்னது அந்த ஒரு வசனத்தை மட்டும்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் ஐயா போய்விட்டார். அடக்கத்துக்குப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. பத்து நாள் கழித்து ஜூமில் நினைவுக் கூட்டம். வெளியூர் ஊழியர் ஒருவர், தீர்க்கதரிசி எலியாவின் சால்வை அவருக்குப் பின்வந்த எலிசாவின் மேல் விழுந்ததைப் பற்றிப் பேசிவிட்டு, ஐயாவின் மகன் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தி, ‘இனி இவரே உங்கள் மேய்ப்பர்’ என்று ஜெபித்து முடித்தார். எல்லாருடைய ஒலியையும் அணைத்து வைத்திருந்தார்கள். ‘ஆமென்’ என்று தட்டச்சு செய்ய மட்டும் முடிந்தது. எலிசா எலியாவின் மகன் அல்ல. பன்னிரண்டு ஏர் மாடுகளை ஓட்டி உழுதுகொண்டிருந்த வேறு ஒருவன். மோசேக்கு இரண்டு மகன்கள் இருந்தும் பின்னால் வந்தவன் யோசுவா. சாமுவேல் தன் மகன்களை நியாயாதிபதிகளாக வைத்தான்; அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள். இதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நாங்களும் ‘ஆமென்’ என்றுதான் தட்டச்சு செய்தோம்.

அந்தப் பையனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதுவரை என்னை ‘அங்கிள்’ என்றவன் அடுத்த ஞாயிறு முதல் ‘பிரதர்’ என்றான். இது சின்ன விஷயம். ஆனாலும் மனதில் நின்றுவிட்டது.

பிறகு காணிக்கைப் பையோடு க்யூஆர் அட்டையும் வந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு நாள் அதை என் போனில் பிடித்தேன். பணம் பெறுபவர் பெயர் என்று திரையில் வந்தது புதுப் பாஸ்டரின் மனைவி பெயர். 500 ரூபாய் என்று எழுதியவன் அப்படியே அழித்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டேன். அன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

சபையின் பழைய மூப்பர் (சபைப் பெரியவர்) ஒருவரிடம் இடத்தின் வரைபட நகல் இருந்தது. அதிலிருந்து சர்வே எண்ணை எடுத்தேன். பதிவுத்துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் இவற்றைக் கொடுத்தால் வில்லங்கத்தை, அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான கிரயம், தானம், கடன் விவரத்தை, காசில்லாமல் பார்க்கலாம். கால் மணி நேரம் ஆனது. மூன்று பதிவுகள். 2012இல் கிரயம், ஐயாவின் சொந்தப் பெயரில். 2019இல் தான செட்டில்மெண்ட், தகப்பனிடமிருந்து மகனுக்கு. 2022இல் பத்திரத்தை ஒப்படைத்து ஒரு நிதி நிறுவனத்தில் 65 லட்சம் கடன். நாங்கள் அழுதபடி எழுந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே இடம் சபையுடையதாக இல்லை. அங்கே மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பதிவேடு என் மேசையிலிருந்து நாலு மேசை தள்ளித்தான் இருந்தது.

டிரஸ்ட் இருக்கிறதே என்று மூப்பர் சொன்னார். அவர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், நகலும் வைத்திருந்தார். அறங்காவலர்கள் நான்கு பேர்: ஐயா, பாஸ்டரம்மா, மகன், மருமகள். நிறுவனர் ஆயுள் முழுவதும் தலைவர்; அவருக்குப் பின் யார் என்பதை அவரே நியமிப்பார். பொதுக்குழு என்ற சொல்லே பத்திரத்தில் இல்லை. விசுவாசி என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது: காணிக்கை கொடுப்பவர் என்ற பொருளில்.

புதுப் பாஸ்டரிடம் தனியாகப் போய்ப் பேசினேன். கடனைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்று வசனம் இருக்கிறது, பிரதர்’ என்றார். அடுத்த ஞாயிறு, மோசேயை எதிர்த்த கோராகைப் பூமி விழுங்கிய கதை பிரசங்கம். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாதபடி முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெண்கள் ஜெபக் குழுவிலிருந்து என் மனைவியின் எண்ணை நீக்கினார்கள். எங்களுக்குப் பிரிவினை ஆவி பிடித்திருக்கிறது என்று பேச்சு வந்தது. 2023 தொடக்கத்தில் வெளியே வந்துவிட்டோம்.

ஐயாவின் அலமாரியில் தென்கொரியப் போதகர் யோங்கி சோவின் புத்தகங்கள் வரிசையாக இருக்கும். எங்கள் வீட்டுக் குழுக்கள் எல்லாம் அவர் சியோலில் நடத்திய முறையைப் பார்த்து அமைத்தவைதான். அந்த யோங்கி சோவுக்கு 2014 பிப்ரவரியில், நாங்கள் இங்கே கூப்பன் வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், சியோல் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. மகனிடமிருந்த பங்குகளைச் சந்தை விலையைவிட மிக அதிக விலைக்குச் சபையை வாங்கவைத்து, சபைக்குச் சுமார் 1,300 கோடி வோன் நஷ்டம் உண்டாக்கியதாகத் தீர்ப்பு. மூன்று ஆண்டு தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். மகன் சிறைக்குப் போனார். புகார் கொடுத்தவர்கள் அந்தச் சபையின் மூப்பர்களே. மறு வருடம் சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் போதகர் கோங் ஹீயும் இன்னும் ஐந்து பேரும், சுமார் ஐந்து கோடி சிங்கப்பூர் டாலர் சபைப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் குற்றவாளிகள் ஆனார்கள். அங்கே அறநிறுவனங்களுக்கென ஓர் ஆணையர் இருக்கிறார். சபையின் கணக்கை அவர் கேட்டு வாங்க முடியும். நம் மாநிலத்தில் கோயிலுக்கு அறநிலையத் துறை இருக்கிறது, பள்ளிவாசல் சொத்துக்கு வக்ஃபு வாரியம் இருக்கிறது. தனிச் சபைகளின் கணக்கைக் கேட்க அப்படி ஓர் அலுவலகமும் இல்லை. ஆகவே கேட்க வேண்டியவர் காணிக்கை போடுகிறவர்தான்.

உங்கள் சபை 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகியிருந்தால் உங்களுக்குப் பிடிமானம் உண்டு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட் என்றால் பத்திரத்தைக் காட்டச் சொல்லி, அறங்காவலர்களில் எத்தனை பேர் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். நிலம் சேராத டிரஸ்ட் பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் வெளியார் வாங்க முடியாது. ஆகவே அவர்கள் காட்டினால்தான் உண்டு. காட்டமாட்டோம் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வங்கிக் கணக்கு யார் பெயரில், காசோலையில் எத்தனை கையெழுத்து, அதில் ஒன்றாவது குடும்பத்துக்கு வெளியே உள்ளவருடையதா என்று கேளுங்கள். இடத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். பாஸ்டருக்குப் பிறகு யார், அதை யார் தீர்மானிப்பார்கள் என்பதை அவர் திடகாத்திரமாக இருக்கும்போதே கேளுங்கள். சவப்பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு யாராலும் கேட்க முடியாது.

கேட்டால் அன்பு குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பவுல் எருசலேமுக்குத் தர்மப்பணம் அனுப்பியபோது, யாரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட அனுப்பினார். பவுலுக்கே அது தேவைப்பட்டது.

பொது அறக்கட்டளை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். எங்கள் சிக்கல், இடம் தனி ஆளின் பெயரில் இருப்பது. அது பொதுப் பணத்தில் வாங்கியது என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்கிறார் வக்கீல். வழக்குக்கு நான்கு பேர் கிளம்பினோம். மகள் கல்யாணம் நெருங்குகிறது என்று ஒருவர் விலகிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆதாரம் என்ன இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். பதிவு எண் இல்லாத கூப்பன்களை மேசையில் பரப்பினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். என் மனைவி தன் வேதாகமத்தை எடுத்துக் கடைசி வெற்றுப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினாள். 2009 முதல் மாதம் தவறாமல் தேதி, தொகை, யார் கையில் கொடுத்தோம் என்று பென்சிலில் பொடிப்பொடியாக எழுதி வைத்திருக்கிறாள். எனக்கே தெரியாது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். 2010 ஜூன் என்ற வரியில் ‘நகை 9 சவரன், பையில்’ என்று இருந்தது. அந்தப் பக்கங்களை நகல் எடுத்துவரச் சொல்லிக் குமாஸ்தாவை அனுப்பினார்.