சொரியாசிஸ் உள்ள கையில் 14 நாள் சுகர் சென்சார்

எனக்குப் பதினோரு வருடமாகச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், காதுக்குப் பின்னால் என்று செதில் உதிரும். தோலுக்கு ஆயின்மெண்ட் தடவினால் போதும் என்றே இருந்துவிட்டேன். போன முறை பார்த்த தோல் மருத்துவர், திட்டுகளைப் பார்த்த கையோடு என் இடுப்பையும் அளந்து, சுகர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் 109, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.9. இந்த இரண்டாவது எண் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 தொட்டால் சர்க்கரை நோய்.

தோல் நோய்க்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சொரியாசிஸ் அழற்சி தோலோடு நிற்பதில்லை, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சியைத் தூண்டும் பொருட்கள் ரத்தத்திலும் சுற்றி, இன்சுலின் சொல்வதைச் செல்கள் சரியாகக் கேட்கவிடாமல் செய்கின்றன என்றார். வயிற்றுக் கொழுப்பும் அதே பொருளைச் சுரக்குமாம். நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். இத்தனை வருடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று மனசு கனத்தது.

அதற்கப்புறம்தான் மேற்கையில் ஒட்டும் சென்சாரை வாங்கினேன். குத்தும்போது வலியே தெரியவில்லை. மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருந்து, திசு நீரிலுள்ள சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்புகிறது. ரத்தத்தை நேரடியாக அளக்காததால் சில நிமிடம் பிந்தித்தான் காட்டும். வேகமாக ஏறி இறங்கும் நேரத்தில் விரலில் குத்திப் பார்க்கும் அளவோடு ஒத்துப்போகாது. மூன்றாம் நாள் இரவு 62 என்று அலாரம் அடித்தது. பதறி எழுந்து விரலில் குத்தினால் 94! அந்தக் கையை அழுத்தியபடி படுத்திருந்தேன். அழுத்தினால் சென்சார் குறைத்துக் காட்டும். மறுநாளிலிருந்து மறுபக்கம் திரும்பிப் படுத்தேன், அலாரம் வரவில்லை.

எனக்கு உண்மையில் பயன்பட்டது சாப்பாட்டுக்குப் பிந்தைய கோடு. ஒரே அளவு, ஒரே சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நாளில் 181 வரை போனது, இருபது நிமிடம் நடந்த நாளில் 148-ஐத் தாண்டவில்லை. ‘நடங்கள்’ என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு கோடுகளை அடுத்தடுத்துப் பார்த்தபிறகுதான் செருப்பை மாட்டினேன்.

ஒன்பதாம் நாள் தொண்டைவலி, காய்ச்சல். காலை அளவு 128-க்கு ஏறியது. அந்த வாரமே முழங்கையில் திட்டும் சிவந்தது. தொண்டைத் தொற்று இரண்டையுமே கிளப்பிவிடும். அதனால் தோல்தான் சுகரை ஏற்றியது என்று இந்தக் கோட்டை வைத்து நான் சொல்லமாட்டேன்.

இனி குறை. கழற்றும்போது பசை தோலை இழுத்தது, வட்டமாகச் சிவந்தது. பன்னிரண்டு நாள் கழித்து அதே இடத்தில் காசளவு புதுத் திட்டு. கீறல், குத்தல் பட்ட இடத்தில் சொரியாசிஸ் முளைப்பதற்குக் கோப்னர் விளைவு என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் சொல்லிவைத்தது. பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் பசை அலர்ஜி பற்றி ஒரு வரி இருந்தது, இதைப் பற்றி ஒன்றுமில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது அவசியம் இருக்க வேண்டும். திட்டு உள்ள இடத்தில் ஒட்டாதீர்கள், நோய் சீறிக்கொண்டிருக்கும்போது வாங்கவே வாங்காதீர்கள். கழற்றும்போது எண்ணெய் தடவி, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள்.

சொரியாசிஸ் இருந்து சுகர் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். இதுவரை சுகரே பார்க்காதவர்கள் முதலில் சாதாரண ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், சென்சார் அப்புறம். நான் இரண்டாவது வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காசளவு திட்டுக்கு இன்னும் மருந்து தடவிக்கொண்டிருக்கிறேன்.