பேச்சில்லாத உறவுக்கு ஆபத்து என்றால்: எந்த உதவி தாங்கும், எது தாங்காது

இரவு பதினோரு மணிக்கு மேல் தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால் பெண் குரல். “அண்ணா, நான்தான்…” என்று தொடங்கிப் பெயரைச் சொன்ன பிறகுதான் புரிந்தது, மச்சினனின் மனைவி. ஒன்பது வருடமாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. மச்சினன் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பும் தொடை எலும்பும் முறிந்திருக்கின்றன. காலையில் ஆபரேஷன், கையில் பணம் இல்லை. நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “அண்ணிகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் அண்ணா. அவங்க ஒத்துக்க மாட்டாங்க.”

உள்ளே என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே நான் வாசல் வரை நகர்ந்து வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். இன்னும் ஒரு பைசா கொடுக்கவில்லை, அதற்குள் மனைவிக்குத் தெரியாத ஒரு விஷயம் என் கையில் இருந்தது.

இப்படி மாட்டிக்கொள்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் கார்ல் பில்லமர் அமெரிக்காவில் 1,340 பேரைக் கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 27 சதவீதம் பேர் குடும்பத்தில் யாரோ ஒருவரோடு தொடர்பை முறித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கணவனோ மனைவியோ இருக்கும். ஆபத்து என்று வரும்போது போன் பெரும்பாலும் அந்தக் கணவனுக்கோ மனைவிக்கோதான் வருகிறது. சண்டை போட்டவரை நேராகக் கூப்பிடக் கூச்சம், மாப்பிள்ளையையோ மருமகளையோ கூப்பிட அந்த அளவு கூச்சம் இல்லை. குடும்பங்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் மர்ரே போவன் இதை முக்கோணம் என்றார்: இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். இழுக்கப்பட்டவருக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். எனக்கு இருந்தது.

நம் முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன? ஒதுங்கி நிற்கலாம். ஓசைப்படாமல் கொடுக்கலாம். பணத்தைக் கட்டிவிட்டு விலகலாம். ஆளாகப் போய் நிற்கலாம். கடன் கொடுக்கலாம், ஜாமீன் போடலாம், வீட்டுக்கே கூட்டி வரலாம். இவற்றை எடை போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: பேச்சு ஏன் நின்றது?

பணத் தகராறு, பாகப்பிரிவினை, கல்யாணத்தில் மரியாதைக் குறைவு, யாரோ சொன்ன ஒரு சொல் என்று காரணம் இந்த வகையில் இருந்தால், கீழே சொல்வதெல்லாம் பொருந்தும். அடி, உதை, பாலியல் துன்புறுத்தல், வருடக்கணக்கான மிரட்டல் என்றால் பொருந்தாது. அங்கே தூரம்தான் பாதுகாப்பு. அதை உடைத்து உள்ளே வரும் எந்தப் போனுக்கும், “எப்படியிருந்தாலும் ரத்த சொந்தமாச்சே” என்ற பேச்சுக்கும் நாம் வழி விடக்கூடாது. உயிர் காக்க ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கொடுப்பது வேறு, அது தெருவில் விழுந்து கிடக்கும் யாருக்கும் செய்வது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைப்பதா என்பதை அந்த வலியைப் பட்டவர் மட்டும்தான் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டுக் கதை முதல் வகை. வீட்டு வரியில் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லி அக்காவிடம் தம்பி ஒரு கையெழுத்து வாங்கினான். பிறகு பார்த்தால் அது விடுதலைப் பத்திரம். அப்பா வீட்டில் அவளுக்கு இருந்த பங்கு போய்விட்டது. பங்கு போனதைக்கூட அவள் அவ்வளவு சொல்வதில்லை, “படிக்காம போட்டேன் பாருங்க” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள்.

ஒதுங்கி நிற்பதும் ஒளிந்து கொடுப்பதும்

வெளியிலிருந்து பார்த்தால் ஒதுங்குவது கல்நெஞ்சம், ஒளிந்தாவது கொடுப்பது பெருந்தன்மை. நான் இந்த இரண்டில் ஒதுங்குவதையே மேல் என்பேன். “எங்களால் முடியாது” என்பது கேட்பவருக்குக் கசக்கும், ஆனால் அவர் உடனே அடுத்த கதவைத் தட்டலாம். “பார்க்கிறேன்” என்று இழுத்துவிட்டுக் கடைசியில் கைவிரிப்பதுதான் கொடுமை. அந்த இரவில் நான்கு மணி நேரம் என்பது மிக நீளமான நேரம். ஒதுங்குவதென்றால் அன்றைக்கே, தெளிவாக, காரணப் பட்டியல் வாசிக்காமல் ஒதுங்க வேண்டும். பழைய கணக்கைச் சொல்லிக் காட்டுவதற்கு அது நேரமே இல்லை.

ஒளிந்து கொடுப்பது எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியாலோ, உறவுக்காரர் ஒருவரின் “உங்க வீட்டுக்காரர் தங்கமானவர்” என்ற பாராட்டாலோ என்றாவது வெளியே வரும். வந்ததும் மனைவிக்குத் தெரிவது இவ்வளவுதான்: தன்னை ஏமாற்றிய தம்பியும் தன் கணவனும் தனக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். எங்கள் விஷயத்தில் அது பழைய கையெழுத்தின் மறுபதிப்பாகவே இருந்திருக்கும். தொகை சிறியதா பெரியதா என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை.

அரை மணி நேரம் வாசலிலேயே நின்றுவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். அவள் கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள், அதையும் மடித்தாள். அப்புறம் கேட்டாள்: “எந்த ஆஸ்பத்திரி?” கொஞ்ச நேரம் கழித்து, “பணம் குடுங்க. நான் வர மாட்டேன்.”

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? கொடுக்காமல் நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரே விதிவிலக்கு, அடுத்த சில மணி நேரத்தில் உயிர் போகும் என்ற நிலை. அப்போது செய்துவிட்டு அன்றைக்கே சொல்லியிருப்பேன். குழந்தைகள் விஷயத்தையும் தனியாகத்தான் பேசியிருப்பேன். பள்ளிக் கட்டணம் நின்று போன பிள்ளை எந்தப் பத்திரத்திலும் யாரையும் ஏமாற்றவில்லையே.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு, கேள்விப்பட்ட வரையில் அதுதான் அதிகம். வருடக்கணக்கில் பேசாதிருந்த கணவனோ மனைவியோ செய்தி கேட்டதும் நகையை அடகு வைக்கவும் தயாராகிவிடுவார். முறித்துக்கொண்டு போவதால் பற்று அறுந்துவிடுவதில்லை, தீராத பற்றைத் தூரத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று போவன் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். அந்த வேகத்தின் முன்னால் “உன் தம்பி அன்னைக்கு என்ன பண்ணான் தெரியுமா” என்று நாம் நினைவூட்டுவது வீண், அவருக்குத் தெரியாததா. பொதுச் சேமிப்பைப் பற்றிப் பேச மட்டும் நமக்கு முழு உரிமை உண்டு: இதில் எவ்வளவு போகலாம், எதைத் தொடக்கூடாது என்று.

பணமா, ஆளா

பணத்துக்கு ஒரு பெரிய நல்ல குணம், அது முடிந்துவிடும். தொகையை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்து, முதல் நாளே எதிர்தரப்பிடம் சொல்லிவிட வேண்டும்: “இவ்வளவு முடியும், இதற்கு மேல் எங்களிடம் இல்லை.” தவணை தவணையாகக் கொடுத்தால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். கையில் கொடுப்பதைவிட ஆஸ்பத்திரி கவுண்டரிலோ மருந்துக் கணக்கிலோ நேராகக் கட்டிவிடுவது மேல். நம்பிக்கையில்லாமல் அப்படிச் செய்வதாக அவர்கள் நினைக்கலாம், நினைத்துவிட்டுப் போகட்டும். பின்னால் “கொடுத்த பணம் எங்கே போனது” என்ற சண்டை வராமல் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. கட்டும்போது ஒரு கவனம்: சேர்க்கைப் படிவங்களில் சிலவற்றில், கையெழுத்திடுபவரே மொத்தச் செலவுக்கும் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். முன்பணம் கட்டுவதற்கு அந்தக் கையெழுத்து பொதுவாகத் தேவைப்படாது. நோயாளியின் மனைவி போடட்டும்.

ஆளாக நிற்பது அப்படி முடிகிற காரியமில்லை. இரவு துணைக்கு ஆள், மருந்துக்கு ஓட ஆள், டாக்டர் சொல்வதை நிதானமாகக் கேட்டு எழுதி வைக்க ஆள் என்று தேவை நீண்டுகொண்டே போகும். இருந்தாலும் இதில் மாப்பிள்ளை, மருமகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, கட்டிலில் படுத்திருப்பவரோடு நமக்குச் சேர்ந்து வளர்ந்த பால்யம் கிடையாது. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எதுவும் பொங்கவில்லை. எக்ஸ்ரேயை வாங்கினேன், மஞ்சள் ஃபைல் ஒன்று வாங்கி எல்லா ரசீதையும் தேதி வாரியாகப் போட்டேன், வந்துவிட்டேன். சொந்தங்கள் தடுமாறும் இடத்தில் இப்படிக் கொஞ்சம் அந்நியமான கை பயன்படும்.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. நான்கு நாள் போய் வந்தால் நாம் நிரந்தரத் தூதராகிவிடுவோம். “அக்காகிட்ட சொல்லுங்க அத்தான்” என்று ஒரு பக்கம். “அவன் என்ன சொன்னான்” என்று மறுபக்கம். நான் இரண்டாவது நாளே சொல்லிவிட்டேன், செய்தி எதுவும் கொண்டுபோக மாட்டேன், பேச வேண்டுமென்றால் நேராகப் பேசுங்கள் என்று. மூன்றாவது நாள் அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்டு வாசலில் பார்வையாளர் பதிவேடு. ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. ‘அக்கா’ என்று எழுதினாள். எழுதியதற்கு மேலே உள்ள இரண்டு பதிவுகளையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே பெரிய காட்சி எதுவும் நடக்கவில்லை. “வலிக்குதா?” “பரவால்ல.” அவ்வளவுதான்.

இந்த நாட்களில் நமக்கும் எரிச்சல் சேரும். அதை எங்கே கொட்டுவது? உளவியலாளர் சூசன் சில்க்கும் பேரி கோல்ட்மன் என்பவரும் 2013-இல் எளிமையான ஒரு முறையை எழுதினார்கள். துன்பத்தில் இருப்பவரை நடுவில் வைத்து, நெருக்கத்துக்குத் தகுந்தபடி அவரைச் சுற்றி வட்டங்கள் வரையுங்கள். உள்வட்டத்தை நோக்கி ஆறுதல் போகட்டும், புலம்பல் வெளிவட்டத்தை நோக்கிப் போகட்டும். நம் விஷயத்தில் மனைவி நமக்கு உள்வட்டம். அவள் தம்பியைப் பற்றிய புலம்பலை அவளிடமே கொட்டக்கூடாது. எனக்கு அலுவலகத்தில் ஒரு நண்பர் இருந்தார், பாவம், அவர் கேட்டார்.

கடன், கொடை, கையெழுத்து

பேச்சில்லாத உறவுக்குக் கடன் கொடுப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. நல்ல உறவில் கடன் மறந்துவிடும், கெட்ட உறவில் மாதாமாதம் நினைவுக்கு வரும். திருப்பிக் கேட்டால் “ஆபத்தில் உதவிட்டுச் சொல்லிக் காட்டுறாங்க”, கேட்காவிட்டால் நமக்குள் புகைச்சல். போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையைக் கொடையாகவே கொடுப்பது என் கட்சி. வாங்குபவர் ரோஷத்தில் “கடனாத்தான் வாங்கிக்கிறேன்” என்றால் சரி என்று சொல்லிவிட்டு நம் மனக்கணக்கில் கொடையாகவே எழுதிக்கொள்ளலாம். பெரிய தொகை, திரும்பி வந்தே ஆக வேண்டும் என்றால் எழுத்தில் வாங்குங்கள், அதற்குச் சங்கடமாக இருந்தால் கொடுக்காதீர்கள்.

ஜாமீன் கையெழுத்து எல்லாவற்றிலும் மோசம். பணமே கொடுக்காத உதவி போலத் தெரிவதால்தான் மோசம். பல நாடுகளின் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் மொத்தத்துக்கும் நம்மைப் பிடிக்கலாம், நம் கடன் வரலாற்றிலும் அது ஏறலாம். கொடையில் போவது கொடுத்தது மட்டும். ஜாமீனில் எவ்வளவு போகும் என்பதை நம்மோடு பேசாத ஒருவர் முடிவு செய்வார்.

வீட்டுக்கே கூட்டி வருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரும் தேதியைப் போலப் போகும் தேதியும் முதலிலேயே தெரிந்தால் யோசிக்கலாம், தெரியாவிட்டால் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக் கொடுங்கள், அதுவே மலிவு.

உறுப்பு தானம் கேட்டு வருவதும் நடக்கிறது. கூடப் பிறந்தவர்களிடம் திசுப் பொருத்தம் முழுசாக அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். இந்த ஒன்றில் கணவன் மனைவிக்குக்கூட ஓட்டு கிடையாது, அது அவரவர் உடம்பு. தானம் செய்பவரைத் தனியாக வைத்துப் பேசுவது மாற்று அறுவை சிகிச்சைக் குழுக்களின் வழக்கம், ஆபரேஷன் அறைக்குள் போகும்வரை வேண்டாம் என்று சொல்லலாம். இது தெரியாமலேயே பலர் குடும்பத்தின் பார்வைக்குப் பயந்து சரி என்று தலையாட்டுகிறார்கள்.

நாங்கள் செய்தது, இரண்டு ஆபரேஷனுக்கு முன்பணமும் ஆறு மாத பிசியோதெரபிக் கட்டணமும். முதல் நாள் சொன்ன தொகைக்குள் அது அடங்கியது. அக்காவும் தம்பியும் அதனால் ஒட்டிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். நான்காவது மாதம் அவன் நேராக அவளுக்கே போன் செய்தான், தொழில் கடன் ஒன்றுக்கு ஜாமீன் வேண்டும் என்று. ஸ்பீக்கரில்தான் பேசினாள். “நடக்கிறதுக்கு என்ன வேணுமோ கேளு, செய்றோம். கையெழுத்து மட்டும் கேக்காதடா.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு லைன் கட்டானது. அதற்குப் பின் போன் வரவில்லை. மீதி இரண்டு மாத பிசியோதெரபிக் கட்டணத்தைச் சொன்னபடி அங்கேயே போய்க் கட்டிவிட்டு, ரசீதை மஞ்சள் ஃபைலில் போட்டு வைத்தாள்.