மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில்: செடி கொடிகளைப் பார்த்தபடி ஒரு பயணம்

குன்னூரில் என் மூத்த அக்கா இருக்கிறார். கேத்தியில் கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். இருவரையும் பார்ப்பதற்காக ஆண்டுக்கு ஒரு முறையேனும் மலையேறும் நான், இதுவரை வாடகைக் காரையே நம்பியிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றும். பாக்குத் தோப்பு எங்கே முடிந்தது, தேயிலை எங்கே தொடங்கியது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. இந்த ஜூன் மாதம் முதன்முறையாக மலை ரயிலில் போனேன். தோட்டங்களில் நாட்டமுள்ள எவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டி, 46 கிலோமீட்டர் ஏறி நண்பகலில் உதகையை அடைகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை, 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பற்சட்டத்தை என்ஜினின் பற்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுவதால், வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. வேறு பயணத்தில் குறையாகத் தோன்றக்கூடிய இந்த நிதானந்தான் இங்கே பெரும்பேறு. பாறை இடுக்கில் முளைத்த பெரணியின் சுருள் நுனியைக்கூட நின்று பார்ப்பதுபோல் பார்க்க முடிகிறது. என்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டியில் இருப்பவர்களுக்குப் பாதை கண்முன் திறந்து கிடக்கிறது.

326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டருக்கு ஏறும் வழியில் தாவரங்கள் படிப்படியாக மாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாகனம் வேறில்லை. கல்லாற்றில் பாக்கு மரங்கள் நெருங்கி நிற்கின்றன. அதைக் கடந்ததும் மூங்கிலும் காட்டுமரங்களும் பாதையின் இருபுறமும் கவிகின்றன. வெயில் விழுந்த இடமெல்லாம் உண்ணிச்செடி (லன்டானா) பூத்திருக்கிறது. ஹில்குரோவ் நிலையத்தில் நீராவி என்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றபோது, பெரும்பாலானோர் தேநீர் வாங்கப் போனார்கள். நான் நடைமேடை ஓரத்துச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று குளிரத் தொடங்கியிருந்தது. குன்னூரை நெருங்க நெருங்கச் சில்வர் ஓக் மரங்களின் மெல்லிய நிழலில், கவாத்து செய்து ஒரே மட்டமாக நிறுத்திய தேயிலைச் சரிவுகள் விரிகின்றன.

குன்னூரில் இறங்கி இரண்டு நாள் தங்கினேன். அக்கா வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா தலை பெருத்து நீலமாகப் பூத்திருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் தொட்டியில் வளர்த்த அதே செடி ரோஜா நிறத்தில் பூத்ததைச் சொன்னேன். “எல்லாம் மண்ணுதான் தம்பி, இந்தப் புளிச்ச மண்ணுலதான் தேயிலையும் வரும், இந்த நீலமும் வரும்” என்றார். உண்மைதான், அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் அலுமினியத்தை வேர் எளிதில் உறிஞ்சிக்கொள்வதால் பூ நீலமாகிறது.

மறுநாள் அவரோடு சிம்ஸ் பூங்காவுக்குப் போனேன். 1874இல் ஜே. டி. சிம், மேஜர் முர்ரே ஆகியோரின் முயற்சியில் உருவான இப்பூங்கா சுமார் 12 ஹெக்டேர் பரப்புள்ளது. பள்ளத்தாக்கின் இயல்பான சரிவைச் சமப்படுத்தாமல் அப்படியே தோட்டமாக்கியிருப்பதால், உதகைத் தாவரவியல் பூங்காவின் அகன்ற புல்வெளிகளைவிட எனக்கு இதுவே நெருக்கமாக இருக்கிறது. மேலே பெருமரங்களின் நிழல், கீழே குளம், இடையில் வளைந்திறங்கும் பாதைகள். ருத்திராட்ச மரத்தடியில் அக்காவுடன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூட்டுவலி உள்ளவர்கள் ஏற்றத்தை மனத்தில் கொண்டு போக வேண்டும். மே மாதத்தில் இங்கே பழக்கண்காட்சி நடக்கும். அமைதி வேண்டுவோர் அந்நாள்களைத் தவிர்க்கலாம்.

குன்னூருக்கு மேல் பற்சட்டம் இல்லை, டீசல் என்ஜின் இழுக்கிறது. வெலிங்டன், அரவங்காடு கடந்து கேத்தி வரும்போது பார்வை சட்டென்று அகலுகிறது. பள்ளத்தாக்கு முழுவதும் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்குப் பாத்திகள் படிகளாக இறங்குகின்றன. நிலையத்துக்கே வந்திருந்த நண்பர், தம் வீட்டு மாடியிலிருந்து மலை மடிப்பொன்றில் கரும்பச்சையாக ஒதுங்கியிருந்த சோலைக்காட்டுத் திட்டைக் காட்டினார். மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்லும் என்றிருந்த மலை இது. அந்தப் புல்வெளிகளின் மேல்தான் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்தார்கள். இளமையில் இந்த வழியாகப் போன நாள்களில் அம்மரங்களைக் காடு என்றே நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். இப்போது அவற்றைப் பார்க்கையில், அங்கே இருந்து மறைந்த புல்லும் நினைவுக்கு வந்து மனம் கனக்கிறது.

இடங்கள் குறைவென்பதால் பயண நாள் உறுதியானதுமே முன்பதிவு செய்துவிடுங்கள். சென்னையிலிருந்து வருவோர்க்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இந்த வண்டியைப் பிடிக்க ஏற்ற நேரத்தில் மேட்டுப்பாளையம் வந்துவிடுகிறது. திரும்பும் வண்டி பிற்பகல் 2 மணிக்கு உதகையில் புறப்படுகிறது. ஆனால் இறங்கும்போது பற்சட்டப் பகுதியில் என்ஜின் முன்னே வந்துவிடுவதால் அந்தத் திறந்த காட்சி கிடைக்காது. ஆகவே ஒரு வழிக்கு மட்டுமே இடம் கிடைக்குமானால், ஏறும் வழிக்கே எடுங்கள்.