ஒரு எஞ்சின், நான்கு கருவிகள்: ஆறு வருட அனுபவம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊருக்கு மறுபடி மின்சாரம் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. கூரைத் தகடும் இரும்புக் கதவும் பிய்ந்துபோய் ஊரே என் பட்டறை வாசலில் நின்றது. மோட்டார்கள் எல்லாம் சும்மா கிடந்தன. ஓடக்கூடிய நிலையில் இருந்தது, தண்ணீர் இறைக்க வைத்திருந்த 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்றுதான். அடுத்த வருடமே அதைச் சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் ஏற்றினேன். பம்பு, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், காற்றை அழுத்தும் கம்ப்ரசர், சாணைக்கல் நான்கையும் மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டுகிறேன்.

முதலில் செய்த சட்டம் சரிவரவில்லை. சேனல் இரும்பில் நீளத் துளை போட்டு, கருவியை வைத்து, கண்ணால் நேர் பார்த்து போல்ட் முடுக்கினேன். ஒவ்வொரு முறை மாற்றவும் அரை மணி நேரம் பிடித்தது. மூன்றே மாதத்தில் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, சட்டமெங்கும் கறுப்புத் தூள் படிந்தது. பார்க்க வந்த வயதான லேத் மேஸ்திரி கேட்டது ஒரே கேள்வி: “நூல் பிடித்துப் பார்த்தாயா தம்பி?”

தூண்டில் நரம்பை, பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களின் (புல்லிகளின்) முகத்திலும் ஒட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு புல்லியின் இரு விளிம்புகள் என நான்கு இடத்திலும் நரம்பு தொட்டால் நேர். என் சட்டத்தில் நான்காவது இடத்தில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது.

அதன்பிறகு முறையையே மாற்றினேன். ஒவ்வொரு கருவிக்கும் தனியாக 10 மி.மீ. தகடு, எல்லாத் தகடுகளிலும் ஒரே மாதிரித் தகட்டை வைத்துப் போட்ட இரண்டு துளைகள், சட்டத்தின் நகரும் மேடையில் இரண்டு 16 மி.மீ. பின்கள். நூல் பிடித்து நேர் பார்க்கும் வேலை கருவியைத் தகட்டில் பூட்டும்போது ஒரே ஒரு முறைதான். பிறகு தகட்டைத் தூக்கிப் பின்னில் இறக்கி, பெல்ட்டைப் போட்டு, மேடையின் திருகைச் சுற்றினால் ஐந்து நிமிடத்தில் வேலை தொடங்கிவிடும். அரை மீட்டர் இடைவெளியில் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 8 மி.மீ. இறங்க வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் பேரிங்குக்குக் கேடு.

எஞ்சினின் வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. புல்லி 6 அங்குலம். கம்ப்ரசருக்கு 10 அங்குலப் புல்லி போட்டதால் 900 சுற்று கிடைக்கிறது. நான்கு காந்தத் துருவம் கொண்ட ஆல்டர்னேட்டரில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வேண்டுமானால் அதே 1500 தேவை. அதனால் சமமான புல்லி. சுமை ஏறினால் எஞ்சினும் கொஞ்சம் இறங்கும், பெல்ட்டும் கொஞ்சம் வழுக்கும். ஆகவே சுமை இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் காட்டும்படி, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை வைத்திருக்கிறேன்.

ஒரு தவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். இடவசதிக்காகக் கம்ப்ரசரைத் திருப்பிப் பூட்டினேன். சுழலும் திசை மாறிப்போனதை நான் கவனிக்கவில்லை. கம்ப்ரசர் சக்கரத்தின் ஆரங்கள்தான் அதற்கு விசிறி. காற்று சிலிண்டர் மேல் படாமல் எதிர்ப்பக்கம் போனது. ஒரு பகல் ஓடியதில் சிலிண்டரின் தலைப்பகுதி (ஹெட்) கொதித்து வால்வுத் தகடு வளைந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு தகட்டிலும் பெயிண்ட்டில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

வெல்டிங்குக்கு இதை நம்பாதீர்கள். சிறிய இன்வெர்ட்டர் மெஷினில் 2.5 மி.மீ. ராடு வரை ஓடுகிறது, 3.15 போட்டால் எஞ்சின் திணறுகிறது. 5 குதிரைத்திறன் என்றால் 3.7 கிலோவாட், இழப்பு போக ஆல்டர்னேட்டரில் 3 கிலோவாட் கிடைத்தாலே பெரிது. பம்புக்கும் கம்ப்ரசருக்கும் மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. உதவிக்கு இருந்த பையனின் தோள்துண்டைப் பெல்ட் இழுத்துக்கொண்டது. துண்டு கழுத்தைச் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. மழை என்று எஞ்சினை மூடிய கொட்டகைக்குள் ஓட்டவும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

உப்புக் காற்றில் பின்கள் துருப்பிடித்துத் தகடு இறங்க மறுக்கிறது. மாதம் ஒரு முறை கிரீஸ் தடவுகிறேன். துருப்பிடிக்காத எஃகில் புதிய பின்கள் கடைந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.